எனக்குக் கேட்டது, அத்தானுக்குக் கேட்கவில்லை

எனக்குக் கேட்டது.

அந்தத் தட்டல் சத்தம், வண்டி என் கடைவாசலை விட்டு நகருமுன்பே, என் இரண்டு காதுக்கும் தெளிவாகக் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? அதன் பழியை, காது கேளாத ஒரு மனிதரின் காதின்மீதே போட்டுவிட்டு, இத்தனை வருஷமாக அவர் வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு உண்டு வருகிறேன்!

இதுதான் என் குற்றம். இனி எழுதப்போவது அதன் விவரம். இடையிடையே நான் சமாதானம் சொல்லப் பார்ப்பேன்... என் சுபாவம் அது. நீங்கள் விழிப்பாக இருங்கள்.

கோயிலில் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறதே, அங்கே போய்ச் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனேன். முழந்தாளிட்டேன். "பொய் சொன்னேன், சாமி" என்றேன். "எத்தனை தடவை?" என்று கேட்டார். "ஒரு தடவை" என்றேன். பார்த்தீர்களா! பொய்யை ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் கணக்கில் ஒரு பொய்!

என் பெயர் தோமாஸ். தூத்துக்குடியில், கடற்கரைக்குப் போகும் சந்தில், சைக்கிள், தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ் விளக்கு ஆகிய மூன்றுக்கும் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். அப்பா தோணி கட்டும் தச்சர். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது; நான் படிப்பை விடவில்லை. பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைக்கூட நீவிவிட்டு வாசிப்பேன். எவர் வாயிலிருந்து ஒரு பழமொழி உதிர்ந்தாலும், அது தரையில் விழுமுன் பிடித்துக்கொள்வேன். சைக்கிளுக்குக் காற்றடிக்க வருகிறவர்கள் காற்றுக்காக மட்டும் வருவதில்லை, என் பேச்சுக்காகவும் வருகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தீமை அங்கேதான் முளைத்தது.

அத்தான் பெயர் மிக்கேல். என் அக்கா கித்தேரியின் கணவர். சங்கு குளித்துப் பிழைத்தவர். முத்துக்குளிப்பு நின்று வெகுகாலமாகிவிட்டபடியால், கடலடியில் எங்களவர்க்கு மிச்சமிருந்தது சங்கு ஒன்றுதான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கும்போது, அவன் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் பிடித்துக்கொண்டிருப்பவன், அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்கவேண்டும். சொந்த அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டார்கள், பங்காளியல்லவா! மச்சினன் கயிற்றை விடமாட்டான். விட்டால் தாலி இறங்குவது அவன் கூடப்பிறந்தவள் கழுத்திலிருந்து.

நான்கு வருஷம் அத்தானின் கயிற்றை நான் பிடித்தேன். அடியிலிருந்து அவர் ஒரு சுண்டு சுண்டுவார், உடனே இழுப்பேன். ஒரு தடவைகூட நான் பிந்தியதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை... சொல்லுகிறேன், பெருமைக்குத்தான் சொல்லுகிறேன்! என் வாழ்வில் சுத்தமாகச் செய்த வேலை அது ஒன்றே.

நான்காம் வருஷம் அத்தானுக்குக் காது உடைந்தது. ஆழத்தின் அழுத்தம். மேலே வந்தபோது இரண்டு காதிலும் இரத்தம். இடது காது முற்றும் போயிற்று. வலது காதில், சுவருக்கு அப்பால் பேசுவதுபோல் ஏதோ கேட்குமாம். அதன்பின் அக்கா அவரிடம் கத்திக் கத்திப் பேசுவாள். அவர்கள் வீட்டு ரகசியம் முழுவதும் தெருவுக்கே பாடமாயிற்று. அத்தான் மட்டும் கலங்கவில்லை.

"கடலு என் காதை எடுத்துக்கிட்டு கண்ணை விட்டுருச்சு, மாப்ள. பாதி வெலைக்கு முடிஞ்சிருக்கு!" என்று சிரிப்பார்.

இருந்ததையெல்லாம் திரட்டி, ஊரைவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையின் பழைய மோட்டார் வண்டியை வாங்கினார். வாடகைக்கு ஓட்டினார். ரயிலடியிலிருந்து துறைமுகம், புன்னைக்காயல், நாசரேத்து என்று எங்கும் போய்வருவார். கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டு, கடலில் இருந்த அதே நிதானத்தோடு ஓட்டுவார். ஒரு கோழியைக்கூட அவர் அடித்ததில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. வண்டியின் முதுகில் கரி அடுப்பைப் பூட்டி, அதன் வாயுவில் ஓட்டும் காலம் வந்தது. அந்தக் கரித்தூள் எஞ்சினின் வயிற்றை அரித்துத் தின்றது. இரண்டு வருஷத்தில், பாலத்து ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டிய கதியாயிற்று.

ஊரில் மோட்டார் வேலைக்கு ஒருவர்தான். காயல்பட்டினத்துச் சுலைமான் மேஸ்திரி. நீண்ட திருப்புளியின் முனையை ஓடுகிற எஞ்சினில் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்து, வைத்தியன் நாடி பார்ப்பதுபோல் கேட்டார். நானும் அத்தானும் அருகில் நின்றோம்.

"ரிங்கு தேஞ்சு போச்சு. பேரிங்கும் போச்சு. முழுசாப் பிரிச்சுக் கட்டணும்வே. இப்ப முடியாது. பட்டாளத்து லாரி பன்னெண்டு நிக்கி. மாதா திருவிழா கழிஞ்சு கொண்டாரும்."

"திருவிழாதானய்யா எனக்கு வருஷமே!" என்றார் அத்தான்.

"அதுக்கு நான் என்ன செய்ய? மெதுவா உருட்டிக்கிட்டு இரும். வேற எவனையும் தொறக்க மட்டும் விட்டுராதேயும். தொறந்த எஞ்சினு, பேசுன வாய் மாதிரி. மூடுனாலும் பழையபடி மூடாது."

ஆகா, என்ன அருமையான வாக்கு! நான் அதை உடனே மனப்பாடம் செய்துகொண்டேன். அன்று மாலைக்குள் நான்கு பேரிடம் சொல்லியும் காட்டினேன். அது எனக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. பழமொழி சேர்க்கிறவனின் வியாதி இது... மருந்தை உண்ணாமல் சீட்டை மட்டும் அழகு பார்ப்பது!

மறுநாள் என் வாய்தான் முந்தியது. "நாமளே பிரிச்சுக் கட்டினா என்ன, அத்தான்?"

எத்தனை மோட்டார் எஞ்சினை நான் பிரித்திருந்தேன்? ஒன்றுகூட இல்லை. ஒரு படகுக்காரரின் தண்ணீர் பம்பைத் திறந்து மூடியதுண்டு. அது ஓடிற்று. அவ்வளவுதான் என் வித்தை.

சொன்னபின் பத்து நாள் நான் பட்ட பாடு! செய்யலாமா, வேண்டாமா? கடையில் உட்கார்ந்தால் எழுவேன்; எழுந்தால் கடற்கரைக்கு நடப்பேன்; நடந்தால் திரும்புவேன். நாசரேத்தில் ஒரு வாத்தியாரிடமிருந்து, எஞ்சினின் உள்ளுறுப்புகளைப் படம் போட்டுக் காட்டும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினேன். எழுத்துக் கூட்டுவேன், பொருள் தெரியாது. பாதிப் பக்கம் கிழிந்திருந்தது. படங்களோ தேவாலயக் கண்ணாடி ஓவியம்போல் அழகு! அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதென்ற மயக்கம் ஏறிற்று.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று ஒரு பக்கம் மனம் சொல்லும். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று மறுபக்கம் அதே மனம் சொல்லும். பழமொழியில் இதுதான் சங்கடம் பாருங்கள். நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கிக்கொள்ள ஒன்று நிற்கும்.

அக்காவிடம் பழமொழி பலிக்கவில்லை.

"ஏலே தோமாசு, தையல் மெஷின் நின்னா தையல்தாம்லே நிக்கும். இது நடு ரோட்டுல நின்னா என் குடும்பம்லா நிக்கும்! ஒனக்குத் தெரியுமா தெரியாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"சித்திரமும் கைப்பழக்கம், அக்கா..."

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லச் சொன்னா கோயில்ல பிரசங்கம் வைக்கான்! தெரியுமா?"

"தெரியும்."

சொல்லிவிட்டேன். அவள் நம்பாமல் அத்தான் பக்கம் திரும்பி, முழுவதையும் மறுபடி கத்தினாள். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நாலு வருசம் என் மூச்சையே இவன் கையில குடுத்துட்டுக் கீழ கெடந்தேன், கித்தேரி. இந்த இரும்பையா குடுக்க மாட்டேன்?"

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் பின்வாங்கியிருக்க முடியுமா? முடியும்! முடிந்திருக்கும்! "அத்தான், கயிறு வேறே, எஞ்சின் வேறே" என்று ஐந்து சொல்லில் முடிந்திருக்கும். எனக்கோ நெஞ்சு நிறைந்து கண்ணீர் வந்துவிட்டது. நம்பிக்கையைக் கண்டு அழுகிறவன் அதற்குத் தகுதியானவன் என்று யார் சொன்னார்?

இன்று யோசிக்கிறேன். முதன்முதலாக ஓர் எஞ்சினைப் பிரிக்கப் போகிறவன், தனக்கு வேலை தெரியுமா என்று கேட்டுக்கொள்வது வீண். தெரியாதுதானே! பாதியில் கை தவறினால், "தவறிவிட்டது" என்று எழுந்து நின்று சொல்லுவேனா... அதைத்தான் அவன் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் பதில் எனக்குத் தெரிந்திருக்கும்.

கடைக்குப் பின்னால் ஓலைப்பந்தல் போட்டு, பழைய பாய்த்துணியை விரித்து, பிரித்தேன். முதல் வாரம் தேன்! கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பினேன். தெருவே வந்து பார்த்தது. "எலே, உள்ள இவ்வளவு சாமானா கெடக்கு!" என்று வியந்தவர்களுக்கு, நேற்றுத் தெரிந்துகொண்டதை இன்று போதித்தேன்.

இனி என் தவறைச் சொல்லுகிறேன். எஞ்சினுக்குள் நான்கு பிஸ்டன்கள். ஒவ்வொன்றையும் கீழேயுள்ள தண்டோடு பிணைக்க ஓர் இரும்புக் கை. அந்தக் கையின் அடியில், தண்டைக் கவ்விப் பிடிக்கும் அரைவட்ட மூடி ஒன்று. ஒவ்வொரு மூடியும் அதனதன் கைக்கே உரியது. இடம் மாறினால் கவ்வாது. அதற்காகவே அவற்றில் சிறு புள்ளிகள் குத்தி அடையாளம் வைத்திருப்பார்கள். எனக்கு அது தெரியாது. எண்ணெய்ப் பிசுக்குப் போகவேண்டுமென்று நான்கு மூடிகளையும் ஒரே சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டேன். எடுத்தபோது எது எதற்கு உரியதென்று தெரியவில்லை.

தெரியவில்லை என்பதைக்கூட அப்போது நான் உணரவில்லை. நான்கும் ஒன்றுபோல் இருந்தன. பூட்டினேன். முடுக்கினேன். தண்டு சுற்றவில்லை. கல்லாக இறுகி நின்றது.

அப்போது மதியம். மேஸ்திரியின் பட்டறை பத்து நிமிஷ நடை. நடந்தேன்! இதை நீங்கள் நம்பவேண்டும். பட்டறை வாசல்வரை போனேன். லாரிக்கடியில் படுத்திருந்தவர் தலையை நீட்டினார்.

"என்னலே, தோமாசு?"

திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. என் பின்னால் தெருவே வாய்பிளந்து பார்த்த பெருமை இருந்தது. முன்னால், எண்ணெய் வழியும் அந்த முகம்.

"சும்மாதான், மேஸ்திரி... பீடிக்கு நெருப்பு இருக்கா?"

நெருப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வந்து என்ன செய்தேன்? சிகரெட்டுத் தகர டப்பா ஒன்றை வெட்டி, மெல்லிய தகடுகளாக்கி, மூடிகளின் இடுக்கில் சொருகினேன். பிடி தளர்ந்தது. தண்டு சுற்றிற்று. மூன்றாவது கையில் மட்டும் ஆட்டம் கூடுதல். விரலால் அசைத்தால் அசைந்தது. நூலளவு... நூலளவுதான்! தோணியில் பலகைக்கும் பலகைக்கும் இடையே அப்பா விடும் இடைவெளியை நினைத்துக்கொண்டேன். எண்ணெய்த் தொட்டியை மாட்டி மூடினேன்.

வண்டியைக் கிளப்பிய காலைப்பொழுதில் அக்கா தீர்த்தம் தெளித்தாள். சந்து நிறையக் கூட்டம். எஞ்சின் பிடித்துக்கொண்டது! புகை இல்லை! பயல்கள் விசில் அடித்தார்கள். யாரோ என் முதுகில் தட்டினார்கள். அந்த ஆரவாரத்துக்கெல்லாம் அடியில்...

டொக்... டொக்... டொக்...

கதவுக்கு அப்பால் ஒருவன் விரல்மடக்கித் தட்டுவதுபோல்.

அத்தான் எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். "எப்படிக் கேக்கு, மாப்ள?"

"வீணை மாதிரி கேக்கு, அத்தான்!" என்று அவர் வலக்காதில் கத்தினேன்.

ஏறி உட்கார்ந்தார். மிதியில் காலை வைத்தார். நெற்றி சுருங்கிற்று. "காலுல என்னமோ சுண்டுதே..."

ஐயோ! அவர் காது செத்திருந்தது, உள்ளங்கால் சாகவில்லை. கடலடியில் கிடந்தவருக்குக் கையும் காலுமே காது. அவர் கண்டுகொண்டார்! அந்தக் கணத்தில் நான் "நிறுத்துங்கள்" என்று சொல்லியிருந்தால், கெட்டது என் மானம் மட்டும்.

நான் சொன்னது இது:

"புதுசாக் கட்டினதுல்லா அத்தான், ஊறணும். புதுத் தோணியைத் தண்ணியில விட்ட அன்னைக்கு ஒழுகாதா? ஊறினா தானா இறுகிரும்."

எங்கள் கரையில் இதை மறுப்பார் உண்டா? புதுத் தோணி முதல் இரண்டு மூன்று நாள் ஒழுகத்தான் செய்யும். ஒருவரும் பதறமாட்டார்கள். பலகை நீர் குடித்து உப்பி, இடுக்கெல்லாம் தானே அடைபடும். பிறந்ததுமுதல் கண்ட காட்சி. கூட்டத்தில் இருந்த தோணிக்காரர்கள் எல்லாரும் தலையசைத்தார்கள். "ஆமா, ஊறட்டும், ஊறட்டும்" என்றார் ஒரு பெரியவர். அத்தான் முகம் தெளிந்தது. வண்டி நகர்ந்தது.

இரும்பு ஊறுமா? இரும்பு நீர் குடிக்குமா? என்னையல்லாமல் வேறு எவரேனும் இதைச் சொல்லியிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். எனக்குத் தெரியும். சொல்லும்போதே தெரியும்!

ஐந்து நாள் வண்டி ஓடியது. திருவிழாக் கூட்டம். அத்தான் நாளொன்றுக்கு எட்டுத் தடவை என் கடையைத் தாண்டிப் போவார். போகும்போதெல்லாம் கையை உயர்த்திக் காட்டுவார். சத்தம் நாளுக்கு நாள் கனத்தது. அவர் வண்டி சந்துமுனையில் திரும்பும்போதே நான் சுத்தியலை எடுத்து, எதிரே கிடக்கும் சைக்கிள் மட்கார்டை ஓங்கி ஓங்கி அடிப்பேன். பக்கத்துக் கடைக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடக்கூடாதே என்றா... எனக்கே கேட்டுவிடக்கூடாதே என்றா...

ஆறாம் நாள் நண்பகல், புன்னைக்காயல் போகும் சாலையில், உப்பளத்துக்கு நடுவே எஞ்சின் உடைந்தது. மூன்றாவது கை முறிந்து, எஞ்சினின் விலாவைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பயணிகளுக்குக் காயமில்லை. அவர்களை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, அத்தான் அத்தனை தூரமும் வெயிலில் நடந்து வந்தார். முழங்கால்வரை உப்பு வெளுத்திருந்தது.

"மாப்ள... ராப்பகலா நீ கட்டினதை ஒரு நாழியில கெடுத்துட்டேன்."

என்ன சொல்லுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. வழியில் ஏதோ தளர்ந்திருக்கும், சத்தம் போட்டிருக்கும், காதுள்ளவன் நிறுத்தியிருப்பான், தனக்குக் கேட்கவில்லை... நடந்து வந்த மைல்களில் அவராகவே இப்படி ஒரு வழக்கை ஜோடித்து, தன்மேல் தீர்ப்பும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்!

நான் மறுக்கவில்லை. மேஸ்திரியைக் கூட்டிவரும்படி அவரை அனுப்பிவிட்டு, வாடகைச் சைக்கிளில் உப்பளத்துக்குப் பறந்தேன். உடைந்த எண்ணெய்த் தொட்டிக்குள் கையை விட்டு, நசுங்கிக் கிடந்த தகரத் துண்டுகளைத் துழாவி எடுத்தேன். மடியில் கட்டினேன். வெயிலில் காய்ந்த இரும்பு விரலைச் சுட்டது. மேஸ்திரி வந்தபோது, கையைத் துடைத்துக்கொண்டு சாதுவாக நின்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது சட்டுனு உடைஞ்சது இல்ல. பல மைலுக்கு முந்தியே சத்தம் குடுத்திருக்கும். தட்டுத் தட்டுன்னு தட்டியிருக்குமே! ஏன்வே நிறுத்தல?"

அத்தான் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "நீ கட்டிக் குடுக்கையில சத்தம் இருந்துதாலே?"

"இல்ல, மேஸ்திரி."

"அல்லா மேல?"

"எங்க மாதா மேல."

அவர் நம்பினாரா? தெரியாது. "செவிடன்கிட்ட எஞ்சினைக் குடுத்தா இப்படித்தான்" என்று முனகிக்கொண்டு எழுந்தார். யுத்த காலத்தில் அந்த எஞ்சினுக்கு மாற்று எங்கே கிடைக்கும்? வண்டி பழைய இரும்பாகப் போயிற்று.

அந்த முனகல் ஊர்ப்பேச்சாயிற்று. "செவிடன் ஓட்டின வண்டி" என்பது, கவனமில்லாமல் கெடுத்த எதற்கும் எங்கள் தெருவில் ஒரு வசனமாகவே நிலைத்துவிட்டது. பழமொழி சேர்க்கிறவனல்லவா நான்... இது ஒன்றை மட்டும் என் வாயால் சொன்னதில்லை. அத்தானே சொல்லுவார். சோறு குழைந்துபோனால், "கித்தேரி, செவிடன் ஓட்டின வண்டியாக்கிட்டியே சோத்தை!" என்று சிரிப்பார்.

அவர் சங்கு குவித்து வைக்கும் கிட்டங்கியில் சேர்ந்தார். சங்கின் சதை அழுகிக் கழன்றபின் கழுவித் தரம்பிரிக்கும் வேலை. அந்த நாற்றம் உடம்பைவிட்டுப் போகாது. அவர் குளித்துவிட்டு உள்ளே வர, அக்கா வாசலிலேயே தண்ணீர்த் தொட்டி வைத்தாள்.

யுத்தம் முடிந்தது. சுதந்திரமும் வந்தது. போன மாசி மாதம், உப்பள அண்ணாச்சி ஒருவர் புதிதாக இரண்டு லாரி வாங்கினார். அத்தான் ஓட்டிய காலத்தை அவர் அறிவார். கிட்டங்கிக்கே வந்து கேட்டிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் சாப்பிடப் போனபோது, அத்தான் முற்றத்தில் எனக்காகக் காத்து நின்றார். கண் மின்னிற்று. பல வருஷமாக நான் காணாத மின்னல்.

"அண்ணாச்சி என்ன சொல்லுதாருன்னா, 'காது எதுக்குவே, கண்ணு இருக்குல்லா, கை இருக்குல்லா, உப்பு மூட்டை என்ன பேசவா போவுது'ங்காரு! ஆனா ஒண்ணு. 'அந்த வண்டி உம்ம காதாலதான் போச்சுன்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. உம்ம மச்சினன் எஞ்சினு தெரிஞ்சவன். அவன் ஒரு வார்த்தை வந்து சொல்லட்டும்'ங்காரு."

பிறகு குரல் தணிந்தது. காது கேளாதவர் குரலைத் தணிப்பது எவ்வளவு அபூர்வம்!

"நீயே சொல்லு, மாப்ள. ஒனக்குத்தான் தெரியும். என் காதாலதானே போச்சு?"

என் எதிரே அந்த முகம். "இல்லை" என்ற ஒற்றைச் சொல் போதும். சங்கின் நாற்றம் போகும். அக்கா வாசல் தொட்டியை எடுத்துவிடலாம். அவர் மறுபடியும் ஸ்டீரிங் வளையத்தைப் பிடித்து, சாலையைப் பார்த்து, மனிதராக உட்காரலாம்.

"இல்லை" என்றால், "பின்னே எதனால்?" என்பார்.

அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. லாரி பெரிது, பாரம் பெரிது, ஒருவேளை உண்மையிலேயே காது கேளாமல் ஏதாவது ஆகிவிட்டால் என்று மனம் அவசர அவசரமாக ஒரு நியாயத்தைத் தைத்துக் கொடுத்தது. முன்பே சொன்னேனல்லவா, விழிப்பாக இருங்கள் என்று? அந்த நியாயம் பொய். ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதர் அவர்.

"போனது போகட்டும் அத்தான்" என்று கத்தினேன். "அதை எதுக்கு இப்பக் கிளறுதீங்க?"

மின்னல் அணைந்தது. மெல்லத் தலையசைத்தார். மறுப்பு இல்லாத பதில், ஆம் என்பதுதானே! அண்ணாச்சியிடம் வேண்டாமென்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். என் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார்.

"ஒன்னைக் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைப்பேன். கையில கட்டி, கண்ணுல வச்சுக் குடுத்தே. கெடுத்துப்போட்டேன். ஒரு வார்த்தை நீ என்னையக் குறை சொல்லல. மன்னிச்சிட்டேன்னு சொல்லு, மாப்ள. காதுல விழுற மாதிரிச் சொல்லு."

நான் என்ன செய்தேன் தெரியுமா?

அவர் வலக்காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "மன்னிச்சிட்டேன், அத்தான்!"

அவர் தோள் இறங்கிற்று. நீண்ட மூச்சொன்று வெளிவந்தது. இனி உண்மையைச் சொல்வதென்றால், அவருக்குக் கிடைத்த அந்த நிம்மதியையும் அல்லவா நான் பறிக்கவேண்டும்? இப்படியும் ஒரு நியாயம் எனக்குக் கிடைத்திருக்கிறது. இது எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

அக்கா உள்ளேயிருந்து இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டாள். போனோம். சீலா மீன் குழம்பு. அத்தான் தம் இலையிலிருந்த நடுக்கண்டத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

தின்றேன். மறுசோறும் கேட்டு வாங்கித் தின்றேன்.